ஷாக்கா, மாத்திரையா, காந்தமா, கெட்டமினா: தீராத மனச்சோர்வுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

"இரண்டு மாத்திரை மாற்றிப் பார்த்தாச்சு, சரியாகவில்லை. இப்போது ஷாக் வைக்கலாம் என்கிறார் டாக்டர். ஒத்துக்கொள்ளலாமா?" கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகளாகவோ அண்ணனாகவோ இருப்பார். அதற்குள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். மூளையில் கரண்ட் விட்டால் ஆள் அவ்வளவுதான் என்று ஒரு கட்சி. சென்னையில் காந்த சிகிச்சை இருக்கிறதாம், யூட்யூபில் பார்த்தேன் என்று இன்னொரு கட்சி. நடுவில் நோயாளி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

எங்கள் வீட்டிலும் இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. சித்திக்கு இ.சி.டி., அதாவது ஷாக் என்று ஊரில் சொல்லும் மின் சிகிச்சை, நடந்தது. அதன் நல்லதையும் விலையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் இதைப் பொத்தாம்பொதுவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. மருந்தின் அளவு, மின் அளவு எல்லாம் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. எந்த வழியில் போவது என்ற முடிவில் மட்டும் குடும்பத்துக்கும், முடிந்தவரை நோயாளிக்கும் பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அந்த முடிவுக்காக.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், நோய் எவ்வளவு அவகாசம் தருகிறது என்பது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். வேலைக்குப் போய்வந்துகொண்டே மனம் கனத்துக் கிடக்கிறவருக்கு மூன்று மாத அவகாசம் இருக்கிறது. சோறு தண்ணீரை ஒதுக்கிவிட்டவருக்கு வாரக்கணக்கில்கூட இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் முற்றியவருக்கு அதைவிடக் குறைவு. அந்த நிலையில் ஒப்பீடு படித்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இரண்டாவது, நோயின் வகை. வெறும் சோர்வா, அல்லது "என் குடல் அழுகிவிட்டது", "நான் செய்த பாவத்துக்குப் போலீஸ் வரும்" என்று நடக்காததை உறுதியாக நம்பும் நிலையா? பேசாமல், அசையாமல், வைத்த கை வைத்தபடி இருக்கும் கேட்டடோனியாவா? வகை மாறினால் பதிலும் மாறும்.

அப்புறம் நினைவும் உடம்பும் கொடுக்க வேண்டிய விலை, பலன் எத்தனை மாதம் நிற்கும் என்பது, கடைசியாகப் போக்குவரத்து, கூட வர ஆள், பணம். கடைசியாகச் சொன்னேன் என்று அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். நல்ல சிகிச்சை பாதியில் நின்றுபோனதற்குப் பஸ்ஸும் கூட வந்தவரின் கூலியும் காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

## வரவழைத்த வலிப்பு மூளையின் வேதியியலை என்ன செய்கிறது

இ.சி.டி.யை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் கரண்டைப் பற்றியே பேசுகிறார்கள். சிகிச்சையாக வேலை செய்வது அதனால் வரும் வலிப்பு. கரண்ட் அதை வரவழைக்கும் வழி மட்டுமே. முதலில் அதுகூட இல்லை. 1934இல் புடாபெஸ்டில் மெடூனா என்ற மருத்துவர் கற்பூர எண்ணெய் ஊசி போட்டு வலிப்பு வரவழைத்தார். பிறகு மெட்ரசோல் என்ற வேதிப்பொருளுக்கு மாறினார். மெட்ரசோல், மூளையில் காபா என்ற வேதித் தூது வந்து ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) அடைத்து வலிப்பைக் கிளப்பும். ஊசி போட்டதற்கும் வலிப்பு வருவதற்கும் இடையில் நோயாளி முழு நினைவோடு கடும் பீதியில் கிடப்பார். 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் நினைவு உடனே போய்விடும் என்பதால் அந்தப் பீதி ஒழிந்தது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்தது அதற்கும் பிறகு.

வழக்கமாக மூளையின் நரம்பணுக்கள் அவையவை தம் வேளையில் துடிக்கும். வலிப்பில் கோடிக்கணக்கானவை ஒரே தாளத்தில் துடிக்கின்றன. குளுட்டமேட் என்ற வேதித் தூது ஓர் அணுவிலிருந்து அடுத்ததைக் கிளப்பிக்கொண்டே போகும். காபா என்பது அடக்கும் தூது. இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடம்வரை ஓடியபின் அடக்கும் பக்கம் மேலோங்குகிறது, வலிப்பு தானாக நிற்கிறது, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. கோடு தட்டையாகிறது. முறைகள் கூடக்கூட அடுத்த வலிப்பை வரவழைக்க முன்னைவிடக் கூடுதல் மின் அளவு தேவைப்படும். வலிப்பின் நேரமும் குறைந்துகொண்டே வரும். மூளை ஒவ்வொரு முறையும் தன் பிரேக்கை இறுக்கிக்கொள்கிறது. குணத்துக்கு இதுவே காரணம் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். இ.சி.டி.க்குப் பிறகு மூளையின் வெளி அடுக்கான புறணியில் காபா கூடியிருந்ததாகச் சில ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. எல்லா ஆய்வுகளிலும் அப்படி வரவில்லை.

இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. குளோனாசெபாம், லோராசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் காபாவின் பக்கம் நின்று வேலை செய்பவை. "பாவம், ராத்திரி முழுக்கப் புரண்டாங்க" என்று முந்தின இரவு வீட்டிலிருக்கும் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டால் மறுநாள் வலிப்பு சரியாக வராமல் போகலாம். வலிப்பு நோய்க்கான மாத்திரைகளும் அப்படித்தான். இதற்கு நேர் எதிரான ஆபத்து ஆஸ்துமா மாத்திரையில் இருக்கிறது. வலிப்பை நிறுத்துவதில் அடினோசின் என்ற தூதுக்கும் பங்கு உண்டு. டெரிஃபிலினில் உள்ள தியோஃபிலின் அடினோசினைத் தடுக்கும். வலிப்பு நிற்காமல் நீண்டுவிடக்கூடும். நம் ஊரில் டெரிஃபிலினை ஒரு மருந்தாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியதையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செரட்டோனின், நோரட்ரீனலின், டோபமைன் என்ற வேதித் தூதுகள் மூன்றும் வலிப்பின்போது பெருகுகின்றன. டோபமைன் பக்கம் கண்ணால் பார்க்கும் சான்றே உண்டு: பார்கின்சன் நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பவருக்கு இ.சி.டி. கொடுத்தால் கைகால் இறுக்கமும் சில காலம் தளர்வதுண்டு. செரட்டோனின் கதை இவ்வளவு நேராக இல்லை. எலிகளுக்கு வலிப்பு வரவழைத்தபோது புறணியில் செரட்டோனினின் 5-HT2 என்ற வகை ஏற்பிகள் கூடின. மனச்சோர்வு உள்ள மனிதர்களை இ.சி.டி.க்கு முன்னும் பின்னும் பெட் ஸ்கேன் எடுத்தபோது அதே வகை ஏற்பிகள் குறைந்திருந்தன. "செரட்டோனின் குறைஞ்சு போச்சு, ஷாக் வச்சா ஏறிடும்" என்று ஒரே வரியில் சொல்லும் விளக்கத்தை நம்பாமல் இருக்க இது ஒன்றே போதும்.

நரம்பணு வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் எலிகளின் மூளையில் கூடுகிறது, நினைவு பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன. மனிதர்களில் அந்தப் பகுதியின் கன அளவு கூடுவது எம்.ஆர்.ஐ.யில் தெரிகிறது. அதனால் "மூளை கருகிவிடும்" என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பகுதி அதிகம் பெருத்தவர்தான் அதிகம் குணமானார் என்றும் இல்லை. அந்த அளவு கூடுவதைக் குணத்தின் சான்றாக விளம்பரம் செய்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

நினைவுக்கான விலையும் இதே வேதியியலில்தான் வருகிறது. வலிப்பில் அசிட்டைல்கோலின் வெள்ளமாக வெளியேறுகிறது. விலங்குகளில் அதன் ஏற்பிகள் பின்னர் குறைகின்றன. புதிய நினைவு பதிவதற்கு இந்தத் தூது வேண்டும். ஹிப்போகேம்பஸில் குளுட்டமேட் வழியாக நடக்கும் பதிவு வேலையும் அந்த நாட்களில் குழம்புகிறது. மறதி ஏன் வருகிறது என்பதற்கு இன்று சொல்லப்படும் முக்கிய விளக்கங்கள் இவை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வலிப்பு வந்தால் மட்டும் போதாது. தலையின் வலப்பக்கம் மட்டும், வலிப்பு வரத் தேவையான குறைந்தபட்ச அளவில் கொடுத்தால் முழு வலிப்பு வந்தும் மனச்சோர்வு தீருவது குறைவு என்று 1987இலும் 1993இலும் சாக்கைம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் காட்டினார்கள். எந்த இடத்தில், எவ்வளவு என்பது முடிவை மாற்றுகிறது. அதனால் "இ.சி.டி. வேண்டுமா" என்று கேட்டு நிறுத்தாமல் "எந்த வகை இ.சி.டி." என்றும் கேட்க வேண்டும்.

## மாத்திரையை மாற்றிப் பார்ப்பது

அவகாசம் இருப்பவருக்கு முதல் வழி இதுதான். மாத்திரை செரட்டோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடும். மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், ஏனென்றால் ஏற்பிகளும் நரம்பு இணைப்புகளும் மெதுவாகத்தான் மாறுகின்றன. அமெரிக்காவில் 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வில் முதல் மருந்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் குணமானார். மூன்றாவது, நான்காவது மருந்துக்கு வந்தபோது அது ஏழில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. இரண்டு மருந்து சரியான அளவில், போதுமான வாரங்கள் கொடுத்தும் பலனில்லை என்றால் வேறு வழிகளைப் பேசத் தொடங்குவது இதனால்தான். "சரியான அளவில், போதுமான வாரங்கள்" என்பதைக் கவனியுங்கள். பத்து நாள் சாப்பிட்டு நிறுத்தியது கணக்கில் வராது.

பண்ருட்டியில் இருப்பவரும் மாதம் ஒரு முறை வந்து மருந்து வாங்கிப் போகலாம். அரசு மருத்துவமனையில் இலவசம், மக்கள் மருந்தகத்தில் மலிவு. மறைந்திருக்கும் செலவு காலம். நான்காவது மாத்திரை வேலை செய்கிறதா என்று காத்திருக்கும் இரண்டு மாதத்தில் வேலை போகலாம், உயிரும் போகலாம். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், தள்ளாட்டம் வரும். அதை நோய் முற்றியதாக நினைத்துவிடுவோம். ஒரு சோடியம் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

## இ.சி.டி.

வேகத்தில் கெட்டமினைத் தவிர வேறெதுவும் இதன் பக்கத்தில் வராது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று என்று பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு முறை. பலருக்கு முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே மாற்றம் தெரியத் தொடங்கும். நடக்காததை நம்பும் வகை மனச்சோர்வில் இதன் பலன் இன்னும் கூடுதல். லோராசெபாம் கொடுத்தும் தீராத கேட்டடோனியாவிலும், சாப்பாட்டை மறுக்கும் முதியவரிடமும் இதைத் தள்ளிப்போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

சித்தப்பாவின் முதல் கேள்வி, "மூளை வெந்துடாதா சார்?" என்பதுதான். அந்த மருத்துவர் சலித்துக்கொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார். முந்தின இரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. கையில் ஊசி ஏற்றி மயக்க மருந்து. நினைவு போனதும் தசை தளர்த்தும் சக்சினைல்கோலின். அது போடுவதற்கு முன் ஒரு கணுக்காலில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள், மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாது. வாயில் பல் காப்புக் கட்டை. பிறகு நெற்றிப் பொட்டில் சில நொடி மின் துடிப்பு. உடம்பு முழுக்க அமைதியாகக் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். வலிப்பு எத்தனை நொடி ஓடியது என்று அதைப் பார்த்துக் கணக்கிடுவார்கள், இ.இ.ஜி. தாளிலும் பார்ப்பார்கள். சினிமாவில் ஆளைக் கட்டிப்போட்டு அலறவிடும் காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அவசர சிகிச்சை என்ற பெயரில் சம்மதமின்றிக் கொடுக்கவும் இடமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் சம்மதமும் அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

உயிராபத்து மிகக் குறைவு, ஒரு லட்சம் முறைக்கு இரண்டு மரணம் என்ற அளவில்தான். ஆனால் அந்தச் சில நிமிடம் இதயத்துக்கு வேலை அதிகம். முதலில் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக அசிட்டைல்கோலின் நாடித்துடிப்பை இழுத்துப் பிடிக்கும். அடுத்த நொடிகளில் அட்ரீனலின் கூட்டம் வந்து துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், மூளையில் கட்டியோ ரத்தக்குழாய் வீக்கமோ உள்ளவர் என்றால் கணக்கு மாறும். தலைவலி, தாடைவலி, உடம்புவலி அன்றன்றைக்கு வந்து போகும்.

பெரிய விலை மறதிதான். இதை மழுப்பிச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. புதிதாக ஒன்றைக் கற்று நினைவில் வைக்கும் திறன் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள், மாதங்களின் சொந்த நினைவுகளில் சில திரும்பி வராமலே போகலாம். திருவந்திபுரத்தில் நடந்த எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சித்தி வந்திருந்தார். குணமாகி வீட்டில் உட்கார்ந்து ஆல்பம் புரட்டும்போது, மணமேடைப் பக்கத்தில் தான் நிற்கும் படத்தில் விரலை வைத்து, "இந்தக் கல்யாணத்துக்கு நான் வந்தனாடா?" என்று கேட்டார். அந்தப் புடவையை எடுத்ததும் நினைவில்லை. அவருக்கு அது வலித்தது. அதே சித்தி சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் சோறு தொடாமல் கிடந்தவர் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் தராசில் வைக்க வேண்டும்.

இந்த விலையைக் குறைக்க வழி உண்டு. இருபக்கமும் கொடுப்பது வேகமாக வேலை செய்யும், மறதி அதிகம். வலப்பக்கம் மட்டும், வலிப்புக்குத் தேவையான குறைந்தபட்ச அளவைப்போல் ஐந்தாறு மடங்கில் கொடுத்தால் மறதி குறைவு. பலன் இருபக்கத்துக்குப் பக்கத்தில் வரும். மின் துடிப்பின் அகலத்தைக் குறைத்தால் மறதி இன்னும் குறையும், சில கூடுதல் முறைகள் தேவைப்படலாம். உயிர் ஊசலாடினால் இருபக்கம். அவகாசம் கொஞ்சம் இருந்தால், அதுவும் ஆசிரியர், கணக்கர் போல நினைவை வைத்துப் பிழைப்பவர் என்றால், வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

பலன் நிற்பதில்தான் இதன் பலவீனம். 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், இ.சி.டி.யால் குணமானவர்களுக்குப் பின்னர் வெற்று மாத்திரை மட்டும் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தும் மனநிலையைச் சீராக்கும் லித்தியமும் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது 39 சதவீதம். "ஷாக் வச்சு சரியாகிட்டாங்க, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்துவதைப் போன்ற வீண் வேறில்லை.

வெளியில் தெரியாத செலவு கூட வருபவருடையது. மருத்துவமனையில் சேராமல் வெளிநோயாளியாகப் போய்வருவதாக இருந்தால் வாரம் மூன்று காலை, வெறும் வயிற்றோடு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதி நாள் இருக்க வேண்டும். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகனுக்கு ஒரு மாதம் அது எளிதல்ல.

## காந்தத் தூண்டல்

டி.எம்.எஸ். என்ற இந்த முறையில் வலிப்பு கிடையாது, வரக்கூடாது. தலையின் இடப்பக்க முன்பகுதியில் சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுப்பார்கள். அந்த இடத்து நரம்பு இணைப்புகள் வலுப்படுகின்றன. மூளையின் உள்ளே காடேட் பகுதியில் டோபமைன் வெளிப்படுவதும் பெட் ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. வலிப்பின் புயலோடு ஒப்பிட்டால் இது குறிப்பிட்ட இடத்து வேலை. மயக்க மருந்து இல்லை, மறதி இல்லை, முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். தலைவலியும் உச்சந்தலைக் கூச்சமும் வரும். தவறி வலிப்பு வருவது மிக அரிது. தலைக்குள் உலோகம், காதுக்குள் பொருத்திய கருவி உள்ளவர்களுக்கு ஆகாது.

நம் பக்கத்துக்காரருக்கு இதிலுள்ள சிக்கல் நாட்கள். வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். ஒரு முறைக்கு நாற்பது நிமிடம் பழைய முறை. தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறையில் மூன்று நிமிடம்தான், பலன் குறையவில்லை என்று 2018இல் கனடாவில் நடந்த பெரிய ஆய்வு சொன்னது. மூன்று நிமிடத்துக்காக நெய்வேலியிலிருந்து தினமும் வருவதை யோசித்துப் பாருங்கள். இந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. பெரும்பாலும் தனியாரிடம்தான், ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம். முன்பணம் கட்டும் முன் மொத்தம் எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். நடக்காததை நம்பும் நிலைக்கும், சாப்பிடாமல் கிடக்கும் நிலைக்கும் இது ஏற்றதல்ல.

## கெட்டமின்

கெட்டமின் ஒரு மயக்க மருந்து. மனச்சோர்வுக்கு அதை நாற்பது நிமிடம் ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் ஏற்றுவார்கள். இது குளுட்டமேட் வந்து ஒட்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கிறது; அதைத் தொடர்ந்து குளுட்டமேட் வெளிப்பாடு கூடி, பி.டி.என்.எஃப். வரை செல்கிறது. வலிப்பும் கெட்டமினும் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே அறைக்குப் போகின்றனவோ என்று ஆராய்ச்சியாளர்கள் யோசிப்பது இதனால்தான். சில மணி நேரத்திலேயே மனம் இலேசாகலாம். ஒரு முறையின் பலன் ஒரு வாரம்போல நிற்கும், அப்புறம் மங்கும். அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

இ.சி.டி.யோடு நேருக்கு நேர் மோதவிட்ட இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவு சொன்னதை முழுசாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் 2022இல் வெளியானதில் இ.சி.டி. பெற்றவர்களில் 63 சதவீதமும் கெட்டமின் பெற்றவர்களில் 46 சதவீதமும் குணமானார்கள். அமெரிக்காவில் 2023இல் வெளியானதில் கெட்டமினுக்கு 55 சதவீதமும் இ.சி.டி.க்கு 41 சதவீதமும் பலன் தெரிந்தது. முன்னதில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள். நடக்காததை நம்பும் வகையினரும் இருந்தார்கள். பின்னதில் அந்த வகையினர் சேர்க்கப்படவில்லை, பெரும்பாலோர் வெளிநோயாளிகள். நோய் கடுமையாக ஆக வலிப்பின் பக்கம் தராசு சாய்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

உடம்பைவிட்டு விலகி நிற்பதுபோன்ற உணர்வும் ரத்த அழுத்த ஏற்றமும் அந்த நேரத்தில் வரும். மீண்டும் மீண்டும் தேடும் பழக்கம், நீண்ட நாள் பயன்பாட்டில் சிறுநீர்ப்பைப் பாதிப்பு ஆகிய அபாயங்கள் உண்டு. குடி, போதைப் பழக்கம் இருந்தவரின் குடும்பம் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மாத்திரை மாற்றம் | இ.சி.டி. | காந்தத் தூண்டல் | கெட்டமின் |
|---|---|---|---|---|
| வேகம் | 2–6 வாரம் | 1–3 வாரம் | 3–6 வாரம் | சில மணி நேரம், நாள் |
| வேதித் தூதுகளில் | செரட்டோனின், நோரட்ரீனலின் | ஏறக்குறைய எல்லாம் | இடம் சார்ந்த மாற்றம் | குளுட்டமேட் |
| நடக்காததை நம்பும் நிலை | தனியே போதாது | மிக நல்ல பலன் | ஏற்றதல்ல | பொதுவாகத் தவிர்ப்பார்கள் |
| மறதி | இல்லை என்றே சொல்லலாம் | உண்டு | இல்லை | குறைவு |
| மயக்க மருந்து | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம், கண்காணிப்பு வேண்டும் |
| அலைச்சல் | மாதம் ஒரு முறை | வாரம் 2–3 முறை, கூட ஆள் | வாரம் 5 நாள் | வாரம் 1–3 முறை, கூட ஆள் |

## யாருக்கு எது

சாப்பிடாத, பேசாத, நடக்காததை நம்பும், சாவை நோக்கி நகரும் நோயாளிக்கு இ.சி.டி. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. கர்ப்பிணி என்பதே இதை விலக்கக் காரணமாகாது. மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் மருத்துவமனையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு மாத்திரை, அதுவும் அரைகுறையாகச் சாப்பிட்டவருக்கு, உயிராபத்து இல்லையென்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைப்பதுதான் முதல் வேலை. வேலைக்குப் போகிற, மறதியைத் தாங்க முடியாத, புதுச்சேரி நகருக்குள்ளேயே இருக்கிற, பணம் கட்ட முடிகிற ஒருவருக்குக் காந்தத் தூண்டல் நியாயமான தேர்வு. இ.சி.டி.க்குச் சம்மதிக்காத, ஆனால் அவகாசமும் குறைவாக உள்ளவருக்குக் கெட்டமினைப் பற்றிக் கேட்கலாம், அதை வாடிக்கையாகச் செய்யும், ரத்த அழுத்தம் பார்க்க ஆள் இருக்கும் இடத்தில் மட்டும்.

எங்கே கேட்பது? மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். மயக்க மருத்துவர் தேவைப்படும் சிகிச்சைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்லது. கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர், சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. எந்த வகை சிகிச்சை எந்தக் கிழமை நடக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இ.சி.டி. என்று முடிவானால் முதல் முறைக்கு முன் வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். வங்கி ரகசிய எண் யாரிடம் இருக்கிறது, சிலிண்டர் புத்தகம், நகை எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன், சென்ற ஆறு மாதத்தில் வீட்டில் நடந்த விசேஷங்கள், இவை எல்லாம் நோயாளியிடமே கேட்டு அவர் கையெழுத்திலேயே இருந்தால் நல்லது. சிகிச்சை நடக்கும் வாரங்களில் பத்திரப் பதிவு, பாகப் பிரிவினை, கையெழுத்து எதுவும் வேண்டாம். வண்டி ஓட்டவும் கூடாது. லித்தியம் சாப்பிடுபவர் என்றால் அந்த வாரங்களில் குழப்பம் கூடும் என்பதால் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்வார். முடிந்தபின் மீண்டும் தொடங்கும்போது ரத்தத்தில் லித்தியம் அளவும், சிறுநீரகமும், தைராய்டும் பார்க்க எப்போது வர வேண்டும் என்று தேதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.